ஒன்பதாவது கட்டம்

பேச்சு வராத பிள்ளை ஒருவன் படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல்லை அவனுக்காக ஒலிக்கும் டேப் (கைக்கணினி) ஒன்று எங்கள் மையத்தில் இருக்கிறது. அதன் பலகையில் ஒரு கட்டத்தை மறைத்தவள் நான்தான். அழிக்கவில்லை, இடம் மாற்றவும் இல்லை. அமைப்புக்குள் போய் ஒரு குறியை நீக்கினால் படம் மறைந்து வெற்றிடம் நிற்கும், அதைத்தான் செய்தேன். மையத்தைப் பார்வையிட அதிகாரி வந்து போனதும் திருப்பி வைத்துவிடுவதாக எண்ணம்.

பலகையில் 12 கட்டங்கள். தண்ணீர், அம்மா, பந்து, பாட்டு, இன்னும், வெளியே என்று நானே தேர்ந்து அடுக்கியவை. மூன்றாம் வரிசையின் முதல் கட்டம் ‘வேண்டாம்’. டேப் வந்து மூன்று வாரங்களுக்கு அவன் பந்தைத் தவிர எதையும் தொடவில்லை. பிறகு ஒரு காலையில் வழிபாட்டுப் பாடலின் நடுவே விரல் இழுத்து இழுத்துப் போய் ஒன்பதாவது கட்டத்தில் விழுந்தது. ‘வேண்டாம்’ என்றது டேப். ஒன்பது வயதுப் பிள்ளை, மூளை முடக்குவாதம், அதுவரை அழுகையைத் தவிர மறுப்புக்கு வேறு வழி இல்லாதவன். அன்று எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

அதன்பிறகு மிட்டாய் வாங்கும் மனநிலை எனக்கு இல்லை. சத்துணவு முட்டைக்கு வேண்டாம், எழுந்து நிற்பதற்கு வேண்டாம், ‘அம்மா வந்தாச்சா’ என்று கேட்டாலும் வேண்டாம். அவன் அம்மாவும் ஒருநாள் வாசலில் நின்று சொன்னார்: “டீச்சர், சோற்றைத் தட்டில் போட்டதும் வேண்டாம் என்கிறான். ஊட்டினால் முழுதும் சாப்பிடுகிறான். அந்தப் பொத்தானை எடுத்துவிடுங்களேன்.”

அவருக்கு நான் நடத்திய பாடம் நன்றாக நினைவிருக்கிறது. குழந்தைக்குக் கொடுத்த சொல்லைத் திரும்பப் பிடுங்கக் கூடாது, அது வாயைக் கட்டுவதற்குச் சமம் என்றேன். பயிற்சியில் கேட்டதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். இரண்டு வாரம் கழித்து நானே பிடுங்கினேன்.

அதிகாரி நல்ல மனிதர். குனிந்து, அவன் கண்மட்டத்துக்கு வந்துதான் கேட்டார்: “தம்பி, இங்கே வருவது பிடித்திருக்கிறதா?” விரல் நேராக மூன்றாம் வரிசைக்குப் போனது. படத்தைப் பார்க்கவே இல்லை. இடம் கைக்குப் பழகியிருந்தது. சொற்களின் இடத்தை மாற்றாதீர்கள் என்று நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். அழுத்தினான். ஒலி இல்லை. மறுபடி அழுத்தினான். பிறகு என்னைப் பார்த்தான்.

“இன்னும் பழகவில்லையோ?” என்றார் அதிகாரி.

“பழகிக்கொண்டிருக்கிறான் சார்” என்றேன்.

அந்த வாக்கியம்தான் இன்னும் போகவில்லை. மையத்திலேயே அந்த டேப்பை அவனைவிடப் பழகியவர் யாரும் கிடையாது.

நியாயம் இல்லாமலும் இல்லை. இன்னும் இரண்டு டேப்புகள் கேட்டு எழுதியிருந்தோம். இருக்கும் ஒன்று அதிகாரி முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொன்னால், காத்திருக்கும் மற்றப் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? நல்ல காரணம்தான். ஆனால் அது எனக்குத் தோன்றியது அன்று மாலை பஸ்ஸில். காலையில் கட்டத்தை மறைத்தபோது மனத்தில் இருந்தது வெறும் கூச்சம்.

இதைவிட மோசமானது மாலையில் நடந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டே அவன் அம்மா, “அந்த இடம் காலியாக இருந்ததே டீச்சர்” என்றார். குறை சொல்லும் குரலே இல்லை. “நீங்கள் கேட்டதுதானே அம்மா” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பிறகு யோசித்தபோது வேறொன்று உறுத்தியது. ஆங்கிலத்தில் ‘நோ’ ஒன்றே போதும். தமிழில் ‘இல்லை’, ‘வேண்டாம்’, ‘முடியாது’, ‘மாட்டேன்’, ‘கூடாது’ என்று ஒவ்வொரு மறுப்புக்கும் தனிச் சொல். நான் வைத்தது ஒன்றே ஒன்று. அம்மா வந்தாச்சா என்ற கேள்விக்கு அவன் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கலாம். நிற்கச் சொன்னபோது ‘முடியாது’ என்று. கால் நீட்டும் பயிற்சியில் ‘வலிக்கிறது’ என்று. தட்டைப் பார்த்துச் சொன்ன வேண்டாம்கூட ‘நானே சாப்பிட முடியாது, ஊட்டு’ என்பதாக இருந்திருக்கலாம். பந்துக்குப் படம் தேடிய எனக்கு வலிக்குப் படம் தேடத் தோன்றவில்லை. நான் பிடிவாதம் என்று குறித்துவைத்ததில் பாதி, என் பலகையின் சொல் பஞ்சம். பாதிதான், சத்துணவு முட்டை விஷயத்தில் அது அசல் பிடிவாதம் என்று இன்னும் நினைக்கிறேன்.

மென்பொருள்மீது பழி போட வழியில்லை. சென்னையில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான வித்யாசாகர் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்த ஆவாஸ் என்ற பேச்சுச் செயலி ஆகட்டும், 2009இல் வெளிநாட்டில் வந்த அதேபோன்ற புரோலோக்வோ2கோ ஆகட்டும், எந்தச் சொல் தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்ற முடிவைப் பெரியவர்கள் கையில்தான் விட்டிருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய மாற்றுவழிப் பேச்சையும் தகவல் தொடர்பு என்றே கணக்கில் கொள்கிறது. பயிற்சித் தாளில் அந்த வரிக்கு நான் அடிக்கோடு போட்டிருந்ததைப் பின்னொரு நாள் பார்த்தேன்.

கட்டத்தை மறுநாளே திருப்பி வைத்தேன். ஒரு மாதம் அவன் அந்தப் பக்கம் விரலைக் கொண்டுபோகவில்லை. மறந்தானா, நம்பிக்கை போனதா, எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்குரிய சொற்களும் பலகையில் இல்லை. இப்போது 20 கட்டங்கள். பழையவை இருந்த இடம் மாறாமல், வலப்பக்கத்திலும் கீழேயும் புதியவற்றைச் சேர்த்திருக்கிறேன். இல்லை, முடியாது, வலிக்கிறது மூன்றும் இருக்கின்றன.

ஆனால் கால் நீட்டும் பயிற்சியை நிறுத்த முடியாது. விட்டால் தசை இறுகிவிடும், பிறகு அறுவை சிகிச்சை என்கிறார் இயன்முறை மருத்துவர். போன செவ்வாய்க்கிழமை முழங்காலை நீட்டிப் பிடித்திருந்தபோது ‘வலிக்கிறது’ என்றது டேப். மருத்துவர் என்னைப் பார்த்தார். “இருபது எண்ணும்வரைதான் தம்பி” என்று எண்ணத் தொடங்கினேன். எட்டில் மறுபடி அழுத்தினான். பன்னிரண்டில் விரல் ஒன்பதாவது கட்டத்துக்குப் போனது, ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக. நான் இருபதுவரை எண்ணினேன்.