வெல்டிங்குக்கு முன் கதவைத் திறந்து பாருங்கள்: பழைய மஸ்டாங்கின் சேசிஸை வலுப்படுத்துவது பற்றி

பழைய ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்று பட்டறைக்குள் வந்தால் எல்லோருடைய கையும் பானெட்டுக்குத்தான் போகும். முதலில் திறந்து மூட வேண்டியது கதவு. கதவைத் தூக்கி அழுத்தினால்தான் பூட்டிக்கொள்கிறது என்றால், அதன் பின் ஓரத்தைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன, அது சின்ன வேலை. ஆட்டமே இல்லாமல் கதவின் மேல் இடுக்கு ஒரு முனையில் விரிந்தும் மறு முனையில் ஒட்டியும் இருந்தால் பாடியே நடுவில் தொய்ந்துவிட்டது. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் வெல்டிங் மிஷினை ஆன் செய்யவே கூடாது.

தொய்வுக்குக் காரணம் வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1964 ஏப்ரலில் ஃபோர்டு அறிமுகப்படுத்திய மஸ்டாங், சிக்கனமான ஃபால்கனின் அடித்தளத்தில் எழுந்தது. 108 அங்குல வீல்பேஸ் கொண்ட இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது. அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற இரும்புச் சட்டங்களைத்தான் ரெயில் என்கிறோம். முன் ரெயில்கள் முன் சீட்டுக்கு அடியில் முடிந்துவிடுகின்றன. பின் ரெயில்கள் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால்தான் தொடங்குகின்றன. நடுவில் சுமையைத் தாங்குபவை மெல்லிய தரைத் தகடும், கியர்பாக்ஸ் டனலும், கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பெட்டிகளும்தான். ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு இது போதும். 1968இல் இதே அமைப்பில் 428 கோப்ரா ஜெட் என்ற பெரிய வி8 இன்ஜினை ஏற்றினார்கள்; கம்பெனிக் கணக்கிலேயே அது 335 குதிரைத்திறன். கன்வெர்ட்டிபிளில் கூரை இல்லாததால் தடித்த ராக்கரையும் சீட்டுக்கு அடியில் கூடுதல் தகட்டையும் ஃபோர்டே வைத்தது. எந்த இடம் பலவீனம் என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது.

முன்னும் பின்னும் உள்ள ரெயில்களை இணைக்கும் சதுரக் குழாயான சப்ஃபிரேம் கனெக்டர்தான் இதற்கு நேரடியான மருந்து. ஆனால் அது வண்டியை நேராக்காது. வெல்டு வைக்கிற நேரத்தில் பாடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தைப் பூட்டிவிடும், அவ்வளவுதான். கோணலாக இருக்கும்போது வைத்தால் கோணல் நிரந்தரம். ஆகவே வண்டியை நிறுத்தும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. இரட்டைத் தூண் லிஃப்டில் தூக்கினால் மூக்கும் வாலும் கீழே தொங்கும். அந்த நிலையில் வெல்டு வைக்காதீர்கள். இன்ஜின் உள்ளே இருந்தால் பின் ஆக்ஸிலுக்கு அடியிலும் முன் சஸ்பென்ஷனின் கீழ்க் கையான லோயர் ஆர்முக்கு அடியிலும் ஸ்டாண்ட் வைத்து, எடை முழுதும் சஸ்பென்ஷனில் இறங்கும்படி நிறுத்துங்கள். வெறும் கூடு என்றால் ரெயில்களுக்கு அடியில் பல இடங்களில் முட்டுக் கொடுத்து ரசமட்டம் பார்க்க வேண்டும். கன்வெர்ட்டிபிளில் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாயைச் சின்னச் சின்ன வெல்டுகளால் தற்காலிகமாக டேக் வைத்த பிறகே தரையில் எதையும் வெட்டலாம்.

அளவெடுக்கத் தூக்குக்குண்டு போதும். முன் லோயர் ஆர்ம் போல்ட், பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன் கண் ஆகிய புள்ளிகளை இரு பக்கமும் தரையில் இறக்கி, சாக்பீஸால் குறித்து, மூலைவிட்டங்களை ஒப்பிடுங்கள். 3 மி.மீ. வித்தியாசம் கவலைப்பட வேண்டியதில்லை. 6 மி.மீ. தாண்டினால் ஃபிரேம் மிஷினில் இழுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அடுத்தது துரு. கண்ணாடிக்கு முன்னால் உள்ள கவ்ல் கிரில்லில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, உள்ளே கால் வைக்கும் தரையைப் பாருங்கள். ஒழுகினால் அந்தத் தண்ணீர் வருடக்கணக்கில் தரையையும், முன் ரெயிலை ராக்கரோடு சேர்க்கும் டார்க் பாக்ஸையும் தின்றிருக்கும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹாயோ பக்கத்து வண்டிகளில் பின் ரெயிலும் போயிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். இறங்கினால் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு போடுங்கள். அரித்த ரெயிலில் 3 மி.மீ. கனெக்டர் குழாயை ஒட்டினால் குழாய் நிற்கும், சுற்றியுள்ள தகடு கிழியும்.

குழாய்க்கு 2×2 அங்குலம், 3 மி.மீ. கனம் போதும், மீட்டருக்குச் சுமார் 4.3 கிலோ வரும். போல்ட் போட்டு மாட்டும் வகையும் கிடைக்கிறது. நாளடைவில் அதன் துளைகள் நீள்வட்டமாகிச் சத்தம் போடும். பற்றவைக்கும் வகையே என் தேர்வு. முன் ரெயிலின் மேல் குறைந்தது 150 மி.மீ. ஏறி உட்கார வேண்டும். தரையைக் கீறி, குழாயைப் பாதி உள்ளே ஏற்றி, நீளம் முழுக்கத் தரையோடு தைத்தால் முறுக்கைத் தாங்கும் வலு இன்னும் கூடும், சாலையிலிருந்து வண்டி நிற்கும் உயரமும் குறையாது.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி, பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், கார்ப்பெட் எல்லாம் வெளியே. பெட்ரோல் டேங்கைக் கட்டாயம் இறக்குங்கள்; இந்த வண்டியில் டேங்கின் மேல்பக்கமே டிக்கியின் தரை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 0.8 மி.மீ. மிக் வெல்டிங் கம்பி, 75% ஆர்கான் 25% கார்பன் டை ஆக்சைடு வாயுக் கலவை. தரைத் தகடு 1 மி.மீ.க்கும் குறைவு, குழாய் 3 மி.மீ. ஆர்க்கைக் குழாயின் மேல் வைத்துக் உருகிய உலோகக் குட்டையைத் தகடு பக்கம் தடவ வேண்டும். தகட்டில் தொடங்கினால் ஓட்டைதான். 25 மி.மீ. தையல், 75 மி.மீ. இடைவெளி, ஒரு தையல் இடம், ஒரு தையல் வலம். கை வைக்கிற அளவுக்கு ஆறிய பிறகே அடுத்த தையல். தண்ணீர் ஊற்றி ஆற வைக்கக் கூடாது. நாலைந்து தையலுக்கு ஒருமுறை இரண்டு கதவையும் மூடி இடுக்கை அளந்து எழுதி வையுங்கள். இடுக்கு மாறத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு மறுபக்கத்துக்குப் போகலாம். துத்தநாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்; மாஸ்க்கும் காற்றோட்டமும் கட்டாயம்.

நடுப்பகுதி இறுகியதும் அழுத்தம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். அது முன் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மேலே ஊன்றி நிற்கும் ஷாக் டவர். அப்பர் ஆர்ம் போல்ட்டைச் சுற்றியும் ஸ்பாட் வெல்டு வரிசையிலும் முடி போல விரிசல் தெரியும். பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்காமல் அது கண்ணில் படாது. விரிசலின் முனையில் 3 மி.மீ. துளை போட்டு, பற்றவைத்து, மேலே வலுத்தகடு வைக்கலாம். பிறகு கவ்லிலிருந்து இரு டவருக்கும் போகும் ஒற்றைத் துண்டு எக்ஸ்போர்ட் பிரேஸ், இரு டவரையும் குறுக்கே இணைக்கும் மான்டி கார்லோ பார். மஸ்டாங்கின் வேக வடிவமான 1965 ஷெல்பி ஜிடி350யில் இந்த இரண்டும் இருந்தன. பார் துளையில் உட்கார மறுத்தால் துளையைப் பெரிதாக்கும் ஆசை வரும், வேண்டாம். டவர்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன என்று அது சொல்கிறது. டவர்களை வெளியே தள்ளி நேராக்கிய பிறகே போல்ட் போடுங்கள்.

உண்மையான ஷெல்பியோ, ஃபாக்டரி எண்கள் பொருந்திய கோப்ரா ஜெட்டோ கையில் இருந்தால் கனெக்டரைப் பற்றவைக்க மாட்டேன். கழற்றக்கூடிய பிரேஸும், சரியான துரு வேலையும், புது டார்க் பாக்ஸும் அதற்குப் போதும்.

கடைசியில் குழாயின் இரு முனையையும் மூடி, எபாக்சி பிரைமர், தையல்களில் சீலர், உள்ளே துருவைத் தடுக்கும் கேவிட்டி வேக்ஸ். ராக்கரின் வடிகால் துளைகளைச் சீலரால் அடைத்துவிடாதீர்கள். 500 கி.மீ. ஓட்டிய பிறகு பிரேஸ் போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, டவர் ஓரத்திலும் கனெக்டர் முனைகளிலும் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.