ஏர் ஹோஸுக்குள் ஆயில் வந்தபோது

குன்றக்குடிக்கு அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போகக் காரைக் கிளப்பிய அன்றுதான் அந்தப் புகையை முதலில் பார்த்தேன். அப்பத்தா முகப்புப் படி இறங்கி வரும்வரை எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை கிளம்பியது. "என்னய்யா, எண்ணெய்ச் சட்டி காயுற வாடை அடிக்குது" என்றது அப்பத்தா. சரியாகத்தான் சொன்னது. பெட்ரோல் கூடுதலாக எரிந்தால் புகை கருப்பாக வரும். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

அப்பா வைத்திருந்த கார் அது. 2011 மாடல், பெட்ரோல், 78,000 கிலோமீட்டர் ஓடியது. சாயந்திரம் பானட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பாடிக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றினேன். உள்ளே விரலை விட்டால் கரேலென்று ஆயில் ஒட்டியது. ஹோஸின் மடிப்புகளில் ஒரு ஸ்பூன் அளவுக்குத் தேங்கி நின்றது. த்ராட்டில் பாடியின் தட்டைச் சுற்றி மை பூசியது போல் படிவு. ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது, எஞ்சின் வேகம் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான்.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். பெட்ரோல் டேங்கில் ஊற்றும் க்ளீனர் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றினேன். இன்ஜெக்டர், வால்வு, எரியும் அறை இவற்றில் படிந்த கரியை அது கரைக்கும். ஐடில் கொஞ்சம் சீரானது. புகை நிற்கவில்லை, நிற்கவும் நிற்காது. பெட்ரோல் இன்ஜெக்டர் வழியாகத்தான் உள்ளே வருகிறது. அதற்கு முன்னால் இருக்கும் ஏர் ஹோஸையும் த்ராட்டில் பாடியையும் அது தொடுவதே இல்லை.

அடுத்து ஒரு பட்டறைக்குப் போனேன். புகையைப் பார்த்த உடனே, "தம்பி, ரிங் தேஞ்சு போச்சு. எஞ்சினை எறக்கிற வேண்டியதுதான்" என்று 35,000 ரூபாய் சொன்னார்கள். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி வாயுவும் ஆயிலும் தாண்டாமல் அடைக்கும் வளையம். ஒரு கேஜ்கூட வைத்துப் பார்க்கவில்லை. அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு வீடு திரும்பிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் ஆயில் அளவு பார்க்கப் போனபோது ஒன்று கண்ணில் பட்டது. நன்றாக அழுத்திச் செருகி வைத்திருந்த டிப்ஸ்டிக் தானாக அரை அங்குலம் மேலே எழும்பி நின்றது. உள்ளிருந்து ஏதோ தள்ளுகிறது. காரைக்குடியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன். "அண்ணே, டிப்ஸ்டிக் எந்திரிச்சு நிக்குது." அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஆயில் த்ராட்டிலுக்கு முன்னாடி ஹோஸ்ல இருக்கா, பின்னாடி மேனிஃபோல்ட்ல மட்டும் இருக்கா?"

இந்தக் கேள்வியில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. மேனிஃபோல்ட் என்பது த்ராட்டிலைத் தாண்டி, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும் குழாய். எந்த எஞ்சினிலும் பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே ஆயில் தங்கும் சம்ப்புக்குள் இறங்கும். அது வெளியேற வழி வேண்டும். பிசிவி என்று ஒரு சின்ன வால்வு, மேனிஃபோல்ட் உறிஞ்சுவதை வைத்து, அந்த வாயுவை இழுத்து மறுபடி எரிய விடுகிறது. அந்த வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால் ஆயில் நேராக மேனிஃபோல்டுக்குப் போகும். அடைத்துக்கொண்டால், வழியில்லாத வாயு, எஞ்சினையும் ஏர் ஹோஸையும் இணைக்கும் ப்ரீதர் ஹோஸ் வழியாகப் பின்பக்கம் திரும்பி, ஆயில் ஆவியோடு ஏர் ஹோஸுக்குள் வந்து விழும். எனக்கு நடந்தது இரண்டாவது. ரிங் தேய்ந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால் அதையும் சோதிக்காமல் விடக்கூடாது.

அண்ணன் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொன்றாக வைத்தார். 165, 160, 162, 158 பிஎஸ்ஐ. "ரிங்குக்கு ஒண்ணுமில்லப்பா" என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு பிசிவி வால்வைப் பிடுங்கிக் காதருகே வைத்து ஆட்டினார். நல்ல வால்வு என்றால் உள்ளே டிக் டிக் என்று சத்தம் கேட்கும். இது ஊமையாக இருந்தது. வாயெல்லாம் தார் போல இறுகிய படிவு. புது வால்வும் ரப்பர் வாஷரும் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடிந்தது. மாட்டிய பிறகு ஐடிலில் டிப்ஸ்டிக் அசையவில்லை.

இவ்வளவு அடைத்ததற்குக் காரணம் என் ஓட்டம்தான் என்றார். கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்குப் பத்து நிமிஷம், கடைக்கு, பள்ளிக்கு, திரும்ப வீடு. எஞ்சின் முழுசாகச் சூடேறுவதே இல்லை. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிப் பிசுக்காகிவிடுகின்றன. ஆயில் மூடியின் உள்பக்கம் காபி நுரை மாதிரி ஒட்டியிருந்ததன் பொருள் அப்போதுதான் புரிந்தது.

ஆயிலோடு கலந்து உள்ளே படிந்த பிசுக்கைக் கரைக்கும் எஞ்சின் ஃப்ளஷ்ஷை ஊற்றியது இதற்குப் பிறகுதான். வால்வை மாற்றாமல் ஊற்றியிருந்தால், ஃப்ளஷ்ஷால் நீர்த்துப்போன ஆயில் இன்னும் அதிகமாக ஹோஸுக்குள் வந்திருக்கும். முதலில் ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். பழுப்பாக மெல்லிய படிவு மட்டும் இருந்ததால் ஊற்றலாம் என்றார். கட்டி கட்டியாகப் பிசுக்கு இருந்தால் ஊற்றவே கூடாது. கட்டிகள் பெயர்ந்து சம்ப்புக்குள் இருக்கும் சல்லடையை அடைத்தால் ஆயில் மேலே ஏறாமல் எஞ்சினே போய்விடும். அப்படிப்பட்ட எஞ்சினுக்கு 2,000, 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றி மெதுவாகச் சுத்தம் செய்வதே பாதுகாப்பு.

சூடான எஞ்சினில் பழைய ஆயிலோடு ஃப்ளஷ்ஷை ஊற்றி, பாட்டிலில் போட்டிருந்தபடி 10 நிமிஷம் ஐடிலில் மட்டும் விட்டோம். வண்டியை நகர்த்தவில்லை. சூடு ஆறுவதற்குள் வடித்தோம். கருப்புக் காபி போல இறங்கியது. ஃபில்டரும் புதுசு. த்ராட்டில் பாடிக்கு அதற்கான ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் துடைத்தேன். ஹோஸைக் கழுவிக் காயவைத்தேன். ஏர் சென்சாரில் மட்டும் அந்த ஸ்ப்ரே படக்கூடாது, அதற்குத் தனியாக உண்டு.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். டர்போ இருக்கும் வண்டியில் பைப்புக்குள் லேசான ஆயில் ஈரம் இருப்பது சகஜம். குளம் கட்டி நின்றால் ஓட்டாதீர்கள். டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடக்கூடும்.

அன்று மாலையே திருமயம் கோட்டை வரை ஓட்டிப் பார்த்தேன். மேனிஃபோல்டில் மிச்சமிருந்த ஆயில் எரிந்து, போகும்போது புகை இருந்தது. திரும்பி வரும்போது இல்லை. இப்போது 1,500 கிலோமீட்டர் ஆகிறது. போன ஞாயிறு பழைய வேட்டித் துண்டை ஹோஸுக்குள் விட்டுத் துடைத்தேன், லேசாகப் பழுப்பேறி வந்தது, அவ்வளவுதான். வால்வு கவர் ஓரத்தில் மட்டும் ஆயில் கசிகிறது. அந்த கேஸ்கெட்டை அடுத்த மாதம் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.