பன்னிரண்டாம் சுற்று

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆஸ்பத்திரிக்கு அம்மாவின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னேன். அப்பா ஒயர் கூடையைக் கொண்டுவந்திருக்கிறார். அதுவும் பாதியில் நிற்கிற கூடையை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. இரவு இரண்டு மணிக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்து கூடையை எடுத்து எண்ணினேன். அடியில் நீளவாட்டில் 21 முடிச்சு, அகலத்தில் 9. உள்ளே கிடந்த நாள்காட்டித் தாளின் முதுகிலும் அம்மா அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறாள்: 21, 9, கீழே அடிக்கோடிட்டு 60. ஒரு சுற்றுக்கு அறுபது முடிச்சு. பதினோரு சுற்று முடிந்திருக்கிறது. பன்னிரண்டாவதில் 34.

முப்பத்துநான்காவது முடிச்சு இறுகவில்லை. வளையங்கள் கோத்திருக்கின்றன, இழுக்கவில்லை. விரலை வைத்தால் ஆடுகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ரத்த அழுத்தம் 150/90. "பரவாயில்லையே" என்றார் சிஸ்டர்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கேலரியிலிருந்து அழைப்பு. ஆறு ஓவியங்கள் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன், நான்குதான் முடிந்திருக்கின்றன. மூன்று வாரம் இருக்கிறதே என்றார்கள். வராந்தாவில் நின்று "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு கூடையை மடியில் வைத்துக்கொண்டு 35ஆவதைப் போட்டுப் பார்த்தேன். நிற்கிற ஒயர் ரோஸ், ஓடுகிற ஒயர் கிளிப்பச்சை. ஒன்றில் ஒரு வளையம், மற்றொன்றில் ஒரு வளையம், ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து நாலு பக்கமும் இழுத்தால் சதுரமாக உட்கார வேண்டும். சின்ன வயதில் நூறு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது. என் கையில் அது சப்பிப்போன சுண்டல் மாதிரி வந்தது. இருபது வருடமாகத் தூரிகை பிடித்த கை. தூரிகையைப் பிடிக்க வேண்டியதுதான், இழுக்க வேண்டியதில்லை.

அடுத்த கட்டிலுக்குத் துணையாக இருக்கும் உசிலம்பட்டி அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "முதலில் நகத்தை வெட்டு தாயி" என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆறு முடிச்சு. ஆறும் கோணல்.

ஆகஸ்ட் 11, திங்கள்

"எண்ணாதே தாயி. எண்ணுகிறவள் கை நின்று நின்றுதான் போகும். அது பாட்டுக்கு ஓடட்டும்" என்கிறார் உசிலம்பட்டி அம்மா. அவர் ஒரு காலத்தில் சிவன் கண் கூடையே பின்னியவராம். இப்போது விரல் மடங்குவதில்லை. வாயால் பின்னுகிறார்.

எண்ணாமல் போட்டதில் வேகம் வந்தது உண்மை.

ஆகஸ்ட் 13, புதன்

நேற்று இரவு முழுக்க எழும்பூர் நினைவு.

கல்லூரியில் சேரப் புறப்பட்டபோது அம்மா எனக்கென்று ஒரு கூடை பின்னித் தந்தாள். நெல்லிக்காய்ப் பின்னல், மஞ்சளும் கத்தரிப்பூ நிறமும். ஸ்டேஷனில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் ஒரு துணிப்பை வாங்கிக் கூடையை அதற்குள் திணித்தது. மஞ்சளுக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ, அதுவும் பிளாஸ்டிக்கில்! ஓவியம் படிக்கப் போகிறவள் கையில் அது இருக்கலாமா? விடுதியில் அதில் அழுக்குத் துணி போட்டு வைத்தேன். மூன்றாம் ஆண்டில் யாரிடமோ கொடுத்துவிட்டேன். யாரிடம் என்று இப்போது எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நான் படித்த சென்னை ஓவியக் கல்லூரி கைவேலைக்கென்றே பிறந்த இடம். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. மருத்துவர்தான். பானை சட்டி, ஓடு, மரச்செதுக்கு என்று தொழில் பழக்கிய பள்ளி. பிறகு அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் படம் விற்றுப் பிழைக்க முடியாது என்று தெரிந்து, பாத்திக் துணி செய்து விற்றார்கள். மெழுகு ஊற்றி, சாயத்தில் முக்கி, திரும்ப மெழுகு ஊற்றி. அந்தக் காசில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் மணல்காடாகக் கிடந்த நிலத்தை வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் வந்தது. இதைத் தேர்வில் நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பாத்திக்கைப் பற்றி எழுதிய அதே வாரம்தான் "அம்மா என்ன செய்கிறார்?" என்று ஒருத்தி கேட்டதற்கு "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்றேன்.

அந்தச் சும்மாவில்தான் என் விடுதிக் கட்டணம் வந்தது. மாதத்துக்கு எத்தனை கூடை போட்டிருப்பாள்? கேட்டதே இல்லை. இப்போது கேட்டால் பதில் சொல்ல அவளுக்கு வாய் வராது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. பிசியோதெரபி இல்லை. இடது கை போர்வை ஓரத்தை மடித்து விடுகிறது, மடித்து விடுகிறது. அப்படித்தான் இருக்கும், அதற்கு அர்த்தம் எதுவும் தேட வேண்டாம் என்றார் டாக்டர். நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வீடு. முன்னறையில் கட்டில். புறப்படும்போது உசிலம்பட்டி அம்மா அம்மாவின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். அவர்களுக்கு எப்போது விடுவார்கள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

பச்சை தீர்ந்துவிட்டது. பதினான்காம் சுற்றின் தொடக்கத்திலேயே.

விளக்குத்தூண் பக்கம் நான்கு கடை ஏறி இறங்கினேன். துண்டு ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டோடும் ஒட்டிப் பார்க்கிறேன், கடைப்பையன் கொட்டாவி விடுகிறான். ஒன்றில் நீலம் ஏறியிருக்கிறது. ஒன்று சுண்ணாம்பு கலந்த மாதிரி வெளிறிக் கிடக்கிறது. இன்னொன்று சரியான நிறம், ஆனால் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, அம்மாவுடையதில் அது இல்லை. பெயின்ட் என்றால் ஒரு சொட்டு மஞ்சள் விட்டுச் சரிசெய்துவிடுவேன். ஒயரை என்ன செய்வது?

கடைசிக் கடையில் பெரியவர் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது பழைய பச்சை அம்மா. ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்குமே சேராது. பின்னுகிறவர்கள் முதலிலேயே கணக்குப் பார்த்து மொத்தமாக வாங்கிவிடுவார்கள்."

அப்படியானால் அம்மாவும் வாங்கியிருப்பாளே.

ஆகஸ்ட் 21, வியாழன்

பரண், பீரோ, தையல் மெஷின் பெட்டி, அரிசி டிரம். இல்லை. நீலம் ஏறிய பச்சையிலேயே தொடர்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எதிர்வீட்டு மதினி வந்திருந்தார். மகள் வளைகாப்புக்குச் சீர் வைக்கச் சொன்ன கூடை இது. "அதைப் பற்றிக் கவலைப்படாதே, அன்றைக்கே கடையில் ஒன்று வாங்கிவிட்டோம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். சிரித்து காபி கொடுத்து அனுப்பினேன்.

அப்புறம் அடுப்பங்கரையில் நின்று அழுதேன். கடையில் வாங்கிவிட்டார்களாம். கடையில்!

ஆகஸ்ட் 25, திங்கள்

பச்சைக் கட்டு பூஜை அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அப்பா எலிக்குப் பயந்து எடுத்து வைத்தாராம். ஒரு வாரமாக நான் வீட்டைப் புரட்டிப் போடுவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். "நீ என்ன தேடுகிறாய் என்று சொல்லவே இல்லையே" என்கிறார்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. மண் பிள்ளையார், எருக்கம்பூ மாலை. கொழுக்கட்டை அப்பா செய்தார். எல்லாம் வாய் பிளந்துவிட்டன. பூரணத்தைத் தனியாகக் கரண்டியில் எடுத்துச் சாப்பிட்டோம்.

மாலையில் அம்மா கையை நீட்டினாள். தண்ணீர் இல்லை, போர்வை இல்லை. கூடை. மடியில் வைத்தேன். கண்ணாடியை நானே போட்டுவிட்டேன், அவள் அதில் பார்க்கவில்லை. இடது கட்டைவிரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தாள், அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி. என் பக்கத்து முடிச்சுகளைக் கடந்தாள். பச்சை மாறின இடத்தைக் கடந்தாள், அதைச் சட்டை செய்யவே இல்லை. மூலையில் நின்றாள். இரண்டு சுற்று கீழே இறங்கினாள். விரலை உள்ளே விட்டு, மடிந்து கிடந்த ஒரு ரோஸ் ஒயரை இழுத்து வெளியே போட்டாள்.

பன்னிரண்டாம் சுற்று, 51ஆவது. ஒயரை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்திருக்கிறேன். அதற்கு மேலே எல்லாம் ஐம்பத்தொன்பது.

"ப்..." என்றாள். அப்பா டம்ளரோடு ஓடிவந்தார். பாலா? பசியா?

"பிரி" என்றாள்.

இருபத்தைந்து நாளில் முதல் சொல். அப்பா அழுதுகொண்டே எல்லோருக்கும் போன் செய்கிறார். நான் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பிரித்த ஒயர் நேராக நிற்காது. ஒவ்வொரு முடிச்சும் அதில் ஒரு வளைவை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. கேலரிக்கு நான்கு ஓவியங்கள்தான் என்று சொல்லிவிட்டேன். சரி என்றார்கள். இவ்வளவு சுலபமாகச் சரி என்பார்கள் என்று நினைக்கவில்லை, கொஞ்சம் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

51 வரை பிரித்தால் போதும் என்று நிறுத்தினேன். அம்மாவின் விரல் நிற்கவில்லை. 40, 39, 38. அந்த ஆறு கோணலையும் காட்டினாள்.

இன்று வேறு சொல் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

பிரித்துப் பிரித்து 34க்கு வந்துவிட்டேன். இன்னும் ஆடுகிறது. இழுப்பதா, அவள் கையில் கொடுப்பதா என்று கேட்க வேண்டும். தூங்குகிறாள். எழுந்ததும்