பதிவு செய்த டெஸ்டில் கிளிக் இடம் தவறினால்

டெஸ்டிங் வேலைக்கு வந்த புதிதில் கோடட் யூஐ டெஸ்டில் (திரையில் செய்யும் கிளிக்குகளைப் பதிந்து, பிறகு தானாக ஓட்டிச் சோதிக்கும் விஷுவல் ஸ்டுடியோ கருவி) ஒரு பதிவு எடுத்தேன். என் லேப்டாப்பில் எத்தனை முறை ஓட்டினாலும் ஒழுங்காக ஓடியது. இரவில் தானாக ஓடும் மெஷினில் மட்டும் 'சேமி' பட்டனை விட்டுவிட்டு பக்கத்திலிருந்த 'நீக்கு' பட்டனில் கிளிக் விழுந்தது. கிளிக் விழும் இடத்தைக் குறிக்கும் எண்களைக் குத்துமதிப்பாக மாற்றிப் பார்த்தேன். ஒரு படி சரியானால் அடுத்த படி தவறியது. இரண்டு நாள் போய்விட்டது. உங்களுக்கும் அப்படிப் போக வேண்டாம்.

எண்ணைத் தொடுவதற்கு முன் இரண்டு மெஷினிலும் டிஸ்ப்ளே ஸ்கேலிங் (திரையில் எழுத்தையும் பட்டனையும் பெரிதாக்கிக் காட்டும் விண்டோஸ் அமைப்பு) எவ்வளவு என்று பாருங்கள். என்னுடையது 125%, அங்கே 100%. கருவி பதிந்திருந்த புள்ளி (90, 15). இது திரையின் மூலையிலிருந்து அல்ல, பட்டனின் இடது மேல் மூலையிலிருந்து எண்ணுவது. என் திரையில் பட்டனின் அகலம் 100 பிக்சல், அதனால் 90 உள்ளேயே இருந்தது. 100% ஸ்கேலிங்கில் அதே பட்டன் 80 பிக்சல்தான். கிளிக் வெளியே விழாமல் என்ன செய்யும்?

90-ஐ 1.25-ஆல் வகுத்து 72 என்று போட்டால் அன்றைக்கு வேலை நடக்கும். ஆனால் பட்டனில் உள்ள எழுத்து மாறினால் அகலமும் மாறிவிடும். அதனால் புள்ளியையே எடுத்துவிடுங்கள். கிளிக் செய்யச் சொல்லும் மவுஸ்.கிளிக் வரியில் கண்ட்ரோலை (இங்கே அந்தப் பட்டனை) மட்டும் கொடுத்தால் போதும், கிளிக் செய்யத் தகுந்த இடத்தைக் கருவியே பார்த்துக்கொள்ளும். இந்தத் திருத்தத்தைக் கருவி தானாக எழுதும் டிசைனர் கோப்பில் செய்யாதீர்கள், அடுத்த பதிவில் அது அழிந்துவிடும். அந்தப் படியை, நாம் எழுதுவதற்கான யூஐமேப்.சிஎஸ் கோப்புக்கு நகர்த்திவிட்டு அங்கே மாற்றுங்கள்.

வரைபடம், வரையும் பலகை போன்றவற்றில் மட்டும் புள்ளி தேவைப்படும். அங்கேயும் நிலையான எண் வேண்டாம். ஓடும் நேரத்தில் அகலத்தை வாங்கி, அதில் முக்கால் பங்கு, பாதி என்று கணக்கிடுங்கள்.

கோடட் யூஐ இருக்கும் கடைசிப் பதிப்பு விஷுவல் ஸ்டுடியோ 2019-தான். அதனால் செலினியத்துக்கு (வலைப்பக்கங்களை உலாவியில் தானாக ஓட்டிச் சோதிக்கும் கருவி) மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: செலினியம் 4-இல் மவுஸை ஓர் உறுப்புக்கு நகர்த்தும் மூவ் டு எலிமெண்ட் கட்டளைக்குக் கொடுக்கும் தூரம் உறுப்பின் நடுவிலிருந்து எண்ணப்படுகிறது, மூலையிலிருந்து அல்ல. பழைய எண்களை அப்படியே கொண்டுபோனால் மறுபடியும் இடம் தவறும்.

அப்புறம், ஸ்கேலிங்கை மாற்றிச் சோதிக்கும்போது ஒருமுறை சைன் அவுட் செய்து உள்ளே வந்து ஓட்டுங்கள். பழைய அப்ளிகேஷன்கள் பல அதற்குப் பிறகுதான் புதிய அளவை எடுத்துக்கொள்கின்றன.