அப்பாவின் றெக்கை

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டின் முன்னறையை ஒரு குழித்தறி அடைத்துக்கொண்டிருந்தது. அப்பா அதில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டு நெய்தார். சாயங்காலம் தறிக்குழியை விட்டு எழுந்ததும் வலது தோளைப் பின்பக்கமாகச் சுழற்றி, "றெக்கை கழண்டு போவுதுடா" என்பார். அம்மா தைலத்தைச் சூடாக்கித் தேய்த்துவிடுவார். அவர் றெக்கை என்று சொன்னது தோள்பட்டை எலும்பை. இயன்முறை மருத்துவம் படிக்கச் சென்று, உடற்கூறு அறையில் குப்புறக் கிடத்தியிருந்த உடலின் முதுகுத்தோலை ஆசிரியர் விலக்கிக் காட்டிய நாளில்தான், அந்தச் சொல் எவ்வளவு பொருத்தமானது என்று எனக்குப் புரிந்தது.

தோள்பட்டை எலும்பு முதுகெலும்போடும் விலா எலும்புகளோடும் எந்த மூட்டாலும் இணைக்கப்படவில்லை. இரண்டாம் விலாவிலிருந்து ஏழாம் விலா வரை மூடிக்கொண்டு, தசைகளின் மேல் வழுக்கி நகரும் முக்கோணத் தகடு அது. முன்பக்கம் காறை எலும்பு வழியாக மார்பெலும்பைத் தொடுவது ஒன்றே உடலின் நடுச்சட்டத்தோடு அதற்குள்ள எலும்புத் தொடர்பு. மற்றபடி, பதினேழு தசைகள் அதன் மேலும் கீழும் ஓரங்களிலும் பற்றிக்கொண்டு, ஒன்று இழுக்க மற்றொன்று விட்டுக்கொடுத்து அதை நிலைநிறுத்துகின்றன.

தோலை விலக்கியவுடன் முதலில் கண்ணில் படுவது டிரப்பீசியஸ். பிடரி எலும்பில் தொடங்கி, கழுத்தின் நடுக்கோட்டைப் பற்றி, பன்னிரண்டாம் மார்பு முள்ளெலும்பு வரை இறங்கி, இருபுறமும் தோள் முனைக்கு ஓடுகிற இந்தத் தசையிணையைச் சேர்த்துப் பார்த்தால், விரித்துவைத்த காற்றாடியைப் போல இருக்கும். பெயர் ஒன்றாயினும் வேலை மூன்று. மேலிழைகள் தோளைத் தூக்குகின்றன, நடு இழைகள் முதுகெலும்பை நோக்கி இழுக்கின்றன, கீழிழைகள் இறக்குகின்றன. இதற்கு வரும் நரம்பின் வழி எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. அது கழுத்துத் தண்டுவடத்தில் பிறந்து, மண்டையோட்டின் அடித்துளை வழியே உள்ளே ஏறி, வேறொரு துளையால் வெளியே வந்து, கழுத்தின் பக்கவாட்டில் இறங்கித் தசையைச் சேர்கிறது. பதினோராவது மூளை நரம்பு என்பது அதன் பெயர். கழுத்துப் பக்கத்தில் தோலுக்கு வெகு அருகில் செல்வதால், அங்கே அறுவை செய்யும்போது அது சேதப்பட்டால் தோள் சரிந்துவிடும்.

டிரப்பீசியஸுக்கு அடியில், முதுகெலும்பிலிருந்து தோள்பட்டையின் உள்ளோரத்துக்கு வரும் ராம்பாய்டு தசைகளும், கழுத்திலிருந்து தோள்பட்டையின் மேல்மூலைக்கு வரும் லெவேட்டர் ஸ்கேப்புலேயும் உள்ளன. கீழ்முதுகை மூடியிருக்கும் லாட்டிசிமஸ் டார்சை, இடுப்பின் பின்புறத்திலிருந்து புறப்பட்டு அக்குளின் அடியே முறுக்கிக்கொண்டு மேற்கை எலும்பின் முன்பக்கத்தைப் பிடிக்கிறது. கிணற்றில் நீர் சேந்தும்போது அது புடைத்து நிற்பதை எவரும் பார்க்கலாம். இவை முதுகில் படர்ந்திருந்தாலும் கைக்காக உழைப்பவை. முதுகை நிமிர்த்துகிற சொந்தத் தசைகள் இவற்றுக்கும் ஆழத்தில், முதுகெலும்பின் இருபுறமும் நெடுக ஓடுகின்றன.

விடுமுறைக்கு வந்தபோது அப்பாவைச் சட்டையில்லாமல் தறியில் உட்காரச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தேன். இடது கை தறியின் அடிப்பலகையை முன்னே தள்ளியது, பிறகு ஊடை என்னும் குறுக்கு நூல் இறுகும்படி தன் பக்கம் இழுத்து அடித்தது. தள்ளும்போது, விலாக்களில் பற்களைப் போலத் தொடங்கித் தோள்பட்டையின் உள்ளோரத்தைப் பற்றுகிற செராட்டஸ் ஆன்டீரியர் வேலை செய்தது. இழுக்கும்போது ராம்பாய்டும் டிரப்பீசியஸின் நடு இழைகளும் வேலை செய்தன. அவ்வளவு அடித்தும் அந்தத் தோளில் அவருக்கு ஒருநாளும் வலி வந்ததில்லை. வலித்தது வலது தோள்தான். அந்தக் கை செய்ததோ, மேலே தொங்கும் கயிற்றைச் சொடுக்கி, ஊடை நூலைச் சுமக்கும் நாடாவை ஓட்டுகிற இலேசான வேலை. ஆனால் அதற்காக முழங்கை விலாவை விட்டு விலகி, தோள் காதை நோக்கி உயர்ந்து, காலை முதல் மாலை வரை இறங்காமல் நின்றது. சுருங்கித் தளரும் தசைக்குள் இரத்தம் வந்து போகும். விடாமல் சுருங்கியே நிற்கும் தசையோ தன் இரத்தக் குழாய்களைத் தானே நெருக்குகிறது. டிரப்பீசியஸின் மேலிழைகளும், கையைப் பக்கவாட்டில் ஏந்துகிற டெல்டாய்டும் சுப்ராஸ்பினேட்டஸும் அப்படித்தான் வருந்தின. எத்தனையோ ஆண்டுகள் தைலம் தேய்த்தும் தீராத வலியின் காரணம் அந்தக் கயிற்றின் உயரத்தில் இருந்தது.

ஏற்காட்டுத் தோட்டங்களில் மிளகு பறிப்பவர்கள் என்னிடம் வரும்போதும் முதலில் முதுகைத்தான் பார்க்கிறேன். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்துத் தலைக்கு மேல் கையை நீட்டுபவருக்கு, கை முழுதும் உயரும் 180 பாகையில் ஏறத்தாழ 120 பாகை தோள் மூட்டிலிருந்தும், 60 பாகை தோள்பட்டை எலும்பு சுழல்வதிலிருந்தும் கிடைக்கின்றன. 1944இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் இன்மனும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட ஆய்விலிருந்து இந்தக் கணக்கு வழங்கிவருகிறது. ஆளுக்கு ஆள் சற்று மாறினாலும், பங்கீடு ஏறக்குறைய இதுதான். டிரப்பீசியஸின் மேலிழை, கீழிழை, செராட்டஸ் மூன்றும் ஒத்து இழுத்தால்தான் அந்த 60 பாகை வரும். கையை ஏற்றும்போது சரியாகத் தோன்றுபவரிடமும், மெதுவாக இறக்கச் சொன்னால் எலும்பின் உள்ளோரம் துருத்திக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். எனவே இறக்குவதை நான் இரண்டு முறை பார்க்கிறேன். வலி தோளின் முன்பக்கம் இருக்கிறது என்பதற்காக முன்பக்கத்தை மட்டும் தொட்டுப் பார்த்து அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்பாவின் கயிற்றை நான்கு விரற்கடை நீட்டிக் கட்டினோம். முழங்கை விலாவோடு ஒட்டி வந்தது. ஒவ்வொரு முழம் நெய்ததும் எழுந்து, சுவரில் இரு கைகளையும் ஊன்றிப் பத்து முறை தள்ளச் சொன்னேன். முதல் வாரம் நாடா சரியாக ஓடவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். இரண்டு மாதங்களில், வலி முற்றும் போகாவிட்டாலும், இரவில் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க அவரால் முடிந்தது.