51 போனது, 257 வந்தது

2009-இல் விழுப்புரம் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, பி.எஸ்சி. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு மாதம் சும்மா சுற்றிய பிறகு கிடைத்த வேலை மெடிக்கல் பில்லிங். ஊரில் கேட்டவர்களிடம் அம்மா ‘ஆஸ்பத்திரியில பில் போடுற வேலை’ என்று சொல்லி வைத்திருந்தார். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் “எந்த ஆஸ்பத்திரி தம்பி, நமக்கு ஏதாச்சும் கொறைச்சுத் தருவாங்களா?” என்று கேட்டே விட்டார். ஆஸ்பத்திரி அமெரிக்காவில் இருக்கிறது, நான் தரமணியில் இருக்கிறேன் என்று அவருக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

வேலை இதுதான். அங்கே டாக்டர் நோயாளியைப் பார்ப்பார், இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கிளெய்ம் போகும், பணம் வராது. ஏன் வரவில்லை என்று அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்கிறவன்தான் ஏ.ஆர். காலர். சாயங்காலம் ஆறரைக்கு ஷிஃப்ட், விடிகாலை மூன்றரைக்கு முடியும். செல்போன், பேனா, காகிதம் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. எனக்கு அங்கே பெயர் கெவின். பணம் தர மறுத்தால் அந்த மறுப்புக்கு ஒரு எண் இருக்கும். 27 என்றால் பாலிசி முடிந்த பிறகு செய்த வைத்தியம், 29 என்றால் கிளெய்ம் தாமதமாக வந்தது. ஆறு மாதத்தில் எண்களிலேயே பேச ஆரம்பித்துவிடுவோம். கேன்டீனில் சாம்பார் தீர்ந்துவிட்டால் ‘மச்சி, 119’ என்பான் பக்கத்து சீட்காரன். 119 என்றால் இந்தக் காலத்துக்கான உச்சவரம்பு முடிந்துவிட்டது.

இந்த எண்களில் எனக்குப் பிடிக்காத ஒன்று 51. நோய் பாலிசிக்கு முன்பே இருந்தது, அதனால் பணம் கிடையாது. சர்க்கரை, ஆஸ்துமா, பழைய முதுகுவலி, எதற்கு வேண்டுமானாலும் வரும். வேலை மாறி, புது ஆபீஸின் இன்சூரன்ஸில் சேர்ந்தவர் என்றால் பழைய இன்சூரன்ஸ் இருந்ததற்கு ஒரு சான்றிதழ் காட்ட வேண்டும்; இடையில் 63 நாளோ அதற்கு மேலோ விட்டுப்போயிருந்தால் அந்தச் சான்றிதழால் பிரயோஜனமில்லை. நான் உட்கார்ந்து நாள் எண்ணியிருக்கிறேன். பிப்ரவரிக்கு 28 நாள் என்பதால் தப்பித்த ஒரு கிளெய்ம் உண்டு, அன்றைக்கு டீமுக்கே நான் சமோசா வாங்கிக் கொடுத்தேன். தனியாகப் பாலிசி வாங்குகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். நோய் இருக்கிறது என்று தெரிந்தால் பாலிசியே கொடுக்காமல் விடலாம் என்பது அப்போது பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படி சரி.

இதையெல்லாம் மாற்ற வந்ததுதான் ‘ஒபாமாகேர்’ என்கிற இன்சூரன்ஸ் சட்டம். 2010 மார்ச் 23 அன்று ஒபாமா அதில் கையெழுத்துப் போட்டார். அதற்கு இரண்டு நாள் முன்பு அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் 219-க்கு 212 என்று நிறைவேறியிருந்தது, குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. எங்கள் ஃப்ளோரில் அப்போது இருந்த பேச்சு நோயாளிகளைப் பற்றியது அல்ல, அதை மறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. எங்கள் பயம் வேறு. எல்லோருக்கும் அரசாங்கமே ஒரே இன்சூரன்ஸ் கொடுத்துவிட்டால் கிளெய்மை மறுக்க ஆள் இருக்காது, மறுக்க ஆள் இல்லையென்றால் கேட்க நாங்கள் எதற்கு? சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை, தனியார் கம்பெனிகள் அப்படியே இருக்கும், இன்னும் ஆள்தான் சேரும் என்று எங்கள் டீம் லீடர் ஒரு மீட்டிங் போட்டு விளக்கினார். முடிக்கும்போது, “அவங்க ரெண்டு கட்சியும் அடிச்சுக்கிற வரைக்கும் நமக்குச் சோறுப்பா” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். தமாஷுக்குச் சொன்னதில்லை என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

2012 ஜூன் 28 நன்றாக நினைவிருக்கிறது. சட்டம் செல்லுமா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன நாள். அங்கே காலை பத்து மணி தாண்டியிருந்தது, இங்கே இரவு ஏழரை. கேன்டீன் டி.வி.யில் சி.என்.என். ஓடிக்கொண்டிருந்தது, ஆளாளுக்கு இன்சூரன்ஸ் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ரத்து என்று எழுத்து ஓடியது. யாரோ ஃப்ளோருக்கு ஓடிவந்து ‘சட்டம் போச்சு’ என்று கத்த, கொஞ்ச நேரத்துக்கெல்லாம் செய்தியே தப்பு, 5-க்கு 4 என்று சட்டம் பிழைத்துவிட்டது என்று மாற்றிச் சொன்னார்கள். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், குடியரசுக் கட்சி அதிபர் நியமித்தவர், அவர் ஓட்டில்தான் பிழைத்தது. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு விஷயம் இருந்தது, அன்று எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகெய்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம், கட்டாயப்படுத்த முடியாது என்பதுதான் அது. என் வேலையை உண்மையில் மாற்றியது அந்தப் பாதிதான்.

ஏனென்றால் 2013 கடைசியில் எனக்குக் கொடுத்த கிளையன்ட்டுக்கு கென்டக்கியிலும் கிளினிக், டென்னசியிலும் கிளினிக். மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அதே டாக்டர்கள், திங்கள் அங்கே, செவ்வாய் இங்கே. கென்டக்கி ஆளுநர் ஸ்டீவ் பெஷியர் ஜனநாயகக் கட்சி, மெடிகெய்டை விரிவாக்கினார். தனியாள் வருஷத்துக்குச் சுமார் 16,000 டாலருக்குள் சம்பாதித்தால் 2014 ஜனவரியிலிருந்து அங்கே மெடிகெய்ட் உண்டு. டென்னசி விரிவாக்கவில்லை. அங்கே என்ன ஆயிற்று என்றால், ஏறத்தாழ 11,500 டாலருக்குக் கீழே சம்பாதிக்கும் பிள்ளைகுட்டி இல்லாத ஆளுக்கு மெடிகெய்டும் கிடையாது, தனியார் பாலிசிக்கு மானியமும் கிடையாது. இவ்வளவு ஏழைகள் எல்லாம் மெடிகெய்டில் இருப்பார்கள் என்று நினைத்து எழுதிய சட்டம், அதனால் அவர்களுக்கு மானியம் எழுதவே இல்லை. கொஞ்சம் கூடச் சம்பாதிக்கிறவனுக்கு உதவி, ரொம்பக் குறைவாகச் சம்பாதிக்கிறவனுக்குப் பட்டை நாமம். 2015-இல் டென்னசியின் குடியரசுக் கட்சி ஆளுநர் ஹாஸ்லமே ஒரு மாற்றுத் திட்டம் கொண்டுவந்தார், அவர் கட்சி ஆட்களே சட்டமன்றத்தில் அதைக் கமிட்டியோடு முடித்துவிட்டார்கள்.

என் திரையில் இது எப்படித் தெரியும் என்றால், மேலே பத்து வரி கென்டக்கி மெடிகெய்ட், பணம் குறைவு, ஆனால் வந்துவிடும். கீழே பத்து வரி டென்னசி, இன்சூரன்ஸ் என்ற இடத்தில் ‘செல்ஃப் பே’, அதாவது நோயாளியே கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பில் நூற்றிருபது நாளில் கடன் வசூலிக்கிற கலெக்‌ஷன் ஏஜென்சிக்குப் போய்விடும். நோய்க் குறியீடு மேலேயும் கீழேயும் ஒன்றேதான். நான் அந்த ஊர்களைப் பார்த்ததே இல்லை, கூகுள் மேப்பில் பார்த்தால் ஒரே ரோடு, நடுவில் ஒரு கோடு.

2014-க்குப் பிறகு 51 குறையத் தொடங்கியது, அப்புறம் வருவதே நின்றுவிட்டது. பழைய நோயைக் காட்டி மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டது. ட்ரெய்னிங்கில் முக்கால் மணி நேரம் எடுத்த பாடம் ஒரே ஸ்லைடாகச் சுருங்கியது. அதே சமயம் புதிதாக ஒன்று வந்தது, 257. மானியத்தோடு பாலிசி வாங்கியவர் மாதப் பிரீமியம் கட்டாமல் விட்டால் மூன்று மாத அவகாசம் உண்டு. முதல் மாதக் கிளெய்முக்குக் கம்பெனி பணம் கொடுத்தாக வேண்டும். இரண்டாவது, மூன்றாவது மாதக் கிளெய்ம்களை முடிவு சொல்லாமல் நிறுத்தி வைக்கலாம், அதுதான் 257. அவர் பாக்கியைக் கட்டினால் பணம் வரும். கட்டாவிட்டால் முதல் மாதக் கடைசியோடு பாலிசி முடிந்ததாகக் கணக்கு, மீதி எல்லாம் 27 ஆகிவிடும், பில் நோயாளி தலையில்.

எங்கள் நடைமுறைக் குறிப்பில் 257-க்கு எழுதியிருந்தது: நிலுவை, முப்பது நாள் கழித்துத் திரும்பப் பார்க்கவும். அவ்வளவுதான். நானும் அப்படியே செய்தேன். கென்டக்கிப் பக்கத்து ஒரு பெரியவரின் கணக்கு, மெடிகெய்டுக்குக் கொஞ்சம் மேலே வருமானம், மானியப் பாலிசி. ஒரு முறை நிலுவை, முப்பது நாள். இன்னொரு முறை நிலுவை, முப்பது நாள். மூன்றாவது முறை பார்த்தால் 27. பில் ஆயிரத்து முந்நூறு டாலர் சொச்சம். பிரீமியம் பாக்கி அதில் பத்தில் ஒரு பங்குகூட இருந்திருக்காது. அவருக்கு ஒரு போன் போட்டு ‘ஐயா, இந்தப் பாக்கியைக் கட்டிவிடுங்கள்’ என்று யாராவது சொல்லியிருந்தால் முடிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி கடிதம் போட்டிருக்கும்தான், ஆனால் அந்த மாதிரிக் கடிதங்களை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? அவருடைய கணக்கை மூன்று தடவை திறந்து மூடிய ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான்.

கெட்ட நேரம், அப்போதுதான் என்னை நோயாளிகளுக்குப் போன் செய்யும் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அவருக்கு நானே பேச வேண்டி வந்தது. பத்து நிமிடம் ஒபாமாவைத் திட்டினார். ஒபாமாகேர் வந்துதான் நாடு நாசமாகிவிட்டது, எல்லோருக்கும் பில் ஏறிவிட்டது, நல்ல வேளை நான் அதில் சேரவில்லை, என்னிடம் கைனெக்ட் இருக்கிறது என்றார். கைனெக்ட் என்பது கென்டக்கி அரசு அதே சட்டத்தின்படி நடத்திய இன்சூரன்ஸ் சந்தையின் பெயர். 2013 அக்டோபர் 1 அன்று மத்திய அரசின் இணையதளம் படுத்துக்கொண்டு முதல் நாளில் ஆறே ஆறு பேரைச் சேர்த்தபோது, கைனெக்ட் கொஞ்சம் திணறினாலும் ஓடியது. அந்தப் பெயரில் ஒபாமா இல்லை என்பதே அதன் பெரிய வசதி. ‘சார், அதுவும் இதுவும் ஒன்றுதான்’ என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அரசியல் பேசினால் க்வாலிட்டியில் பூஜ்யம் போடுவார்கள், கால் ரெக்கார்ட் ஆகிறது. ‘யெஸ் சார், ஐ அண்டர்ஸ்டாண்ட் சார்’ என்றேன்.

ஆனால் போனை வைத்த பிறகு யோசித்தேன். அவர் சொன்னதில் பாதி தப்பு, பாதி சரி. அவர் திட்டிய சட்டம்தான் அவருக்குப் பாலிசி கொடுத்தது. அதே சட்டத்தின் அவகாச விதியில்தான் அவர் சிக்கினார், நானும் சேர்ந்து சிக்க வைத்தேன். குடியரசுக் கட்சிக்காரர்களுக்குச் சட்டம் முழுக்க விஷம், ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு அதில் ஒரு குறையும் சொல்லக் கூடாது, சொன்னால் எதிரி எடுத்துக்கொள்வான். 257 மாதிரி ஒரு ஓட்டையை உட்கார்ந்து அடைக்க இரண்டு பக்கத்திலும் யாருக்கும் நேரமில்லை. ரத்து செய்ய மட்டும் கீழவையில் ஐம்பது தடவைக்கு மேல் ஓட்டுப் போட்டிருப்பார்கள்.

விடிகாலை வண்டியில் எங்கள் கேப் டிரைவர் அண்ணனிடம் பெரியவர் கதையைச் சொன்னேன், பெயர் ஊர் இல்லாமல்தான். அவர் மனைவிக்கு அப்போதுதான் இதய ஆபரேஷன் அரசு காப்பீட்டில் நடந்திருந்தது. 2009-இல் கலைஞர் பெயரில் வந்த திட்டம், 2011-இல் ஆட்சி மாறி, 2012-இல் ‘முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு’ ஆகியிருந்தது. அண்ணன் இன்னமும் ‘கலைஞர் காப்பீடு’ என்றுதான் சொல்வார், ஓட்டுப் போடுவது இரட்டை இலைக்கு. “பேரை மாத்துவாங்க தம்பி, கார்டைப் புடுங்க மாட்டாங்க. புடுங்கினா ஊர்ல நுழைய முடியுமா?” என்றார். நம்மூர்த் திட்டங்களைப் பற்றி எனக்கு நூறு புகார் உண்டு, ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. கென்டக்கியில் 2015-இல் ஜெயித்து வந்த குடியரசுக் கட்சி ஆளுநர் மாட் பெவின் கைனெக்டையே இழுத்து மூடினார். பிறகு பழைய பெஷியரின் மகன் ஆளுநராகி வந்து 2021-இல் அதே பெயரில் திறந்தார். ஒவ்வொரு தடவையும் எங்களுக்குப் புது லாகின், புது ட்ரெய்னிங்.

2017 மே 4-இல் கீழவை ஒரு மாற்று மசோதாவை 217-க்கு 213 என்று நிறைவேற்றியபோது அதைப் படித்துப் பார்த்தேன். 63 நாள் இன்சூரன்ஸ் விட்டுப்போனால் ஒரு வருஷத்துக்கு 30 சதவீதம் கூடுதல் பிரீமியம் என்று ஒரு இடத்தில் இருந்தது. அந்த 63-ஐப் பார்த்ததும் பழைய சண்டைக்காரனை பஸ்ஸில் பார்த்த மாதிரி இருந்தது. ஜூலை 28 அன்று செனட்டில் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் கட்டை விரலைக் கீழே காட்டி, சொந்தக் கட்சியின் ரத்து முயற்சியை 51-க்கு 49 என்று கவிழ்த்தபோது அங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றரை, இங்கே பகல் பதினொன்று. நான் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால் டீம் வாட்ஸ்அப்பில் எண்பது மெசேஜ். அதில் ஒருவன், ‘மச்சி, எதிர்த்து விழுந்த ஓட்டு எத்தனை பாரு, 51’ என்று போட்டிருந்தான்.

இப்போது நான் புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். 2025 அக்டோபரில் தொடங்கி 43 நாள் அமெரிக்க அரசு முடங்கியதே, அது இதே மானியத் தகராறுதான். 2021-இல் கூட்டிக் கொடுத்த மானியத்தை நீட்டுவதா வேண்டாமா என்று. நீட்டாமலேயே டிசம்பர் 31-உடன் முடிந்தது. பிரீமியம் ஏறினால் கட்டாமல் விடுகிறவர்கள் கூடுவார்கள், அதனால் ஜனவரி வகுப்பில் 257-க்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினேன். முதல் தடவை பார்த்த அன்றே நோயாளிக்குப் போன் போட வேண்டும் என்று நடைமுறைக் குறிப்பில் நானே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கிளையன்ட்டிடம் அனுமதி வாங்க எட்டு மாதம் ஆயிற்று.

அந்த வகுப்பில் ஒரு பெண் கை தூக்கி, “சார், இந்த 51 ஸ்லைடு எதுக்கு? இதெல்லாம் இப்ப வராதே” என்று கேட்டாள். ஸ்லைடின் கீழே 63 நாள் கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. “வராதும்மா. படிச்சு வை” என்றேன்.