பஸ்ஸை விட்டுட்டீங்களா?

திருகோணமலையில் காரணமில்லாமல் நடக்க ஏலாது. பின்னேரம் கடற்கரையில் காற்று வாங்கலாம். வெள்ளிக்கிழமை கோணேசர் மலை ஏறலாம். சீனி வருத்தக்காரர் விடிய ஐந்து மணிக்குக் கை வீசிக்கொண்டு போகலாம், டொக்டர் சொன்னது என்று ஊர் மன்னித்துவிடும். மற்றப்படி முதுகில் ஒரு பையோடு ஒருவர் வீதியோரமாக நடந்தால் அதற்கு இங்கே ஒரேயொரு அர்த்தம்தான்: பாவம், பஸ்ஸை விட்டுவிட்டார்.

இதை நான் கற்றுக்கொண்டது போன ஆவணியில், அதாவது ஓகஸ்டில். கற்பித்தவன் என் மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. பாரிஸில் இருக்கிறான். அதற்கு முந்தின வருடம் லீவு எடுத்துக்கொண்டு ஸ்பெயினுக்குப் போய், புனித யாகப்பரின் கல்லறை இருக்கிற சந்தியாகோ தே கொம்பொஸ்தேலாவுக்கு நடந்திருக்கிறான். பிரான்ஸ் எல்லையிலிருந்து வந்தால் அந்தப் பாதை 780 கிலோமீற்றர் அளவில் வரும். இவன் நடந்தது சாரியா என்ற ஊரிலிருந்து கடைசி 100 சொச்சம். குறைந்தது 100 கிலோமீற்றர் நடந்தால்தான் சான்றிதழாம். பள்ளிக்கூடக் காலத்திலும் மச்சான் பாஸ் மார்க்குக்கு மேலே ஐந்து புள்ளி எடுத்து நான் கண்டதில்லை.

சான்றிதழ் லத்தீனில் இருந்தது. அவன் பெயரையும் லத்தீனாக்கி எழுதியிருந்தார்கள். ஊருக்கு வந்த அன்றே அதை மாமிக்கு முன்னால் விரித்தான். கூடவே ஒரு சிறு கொப்பி, ஒவ்வொரு ஊரிலும் தங்குமடத்திலும் கோயிலிலும் குத்தின சீல்களோடு. கடைசி 100 கிலோமீற்றரில் நாளுக்கு இரண்டு சீலாவது வேண்டுமாம். பிறகு பையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்தான். யாகப்பர் யாத்திரிகர்களின் அடையாளம்.

மாமி சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. “இதையா தம்பி காசு குடுத்து வாங்கின நீ? உப்புவெளிக்குப் போயிருந்தா சாக்கில அள்ளியிருக்கலாமே.”

அங்கே சித்தப்பாவும் இருந்தார். ஓய்வுபெற்ற மாஸ்டர். ஓய்வுபெற்றது சம்பளத்திலிருந்து மட்டும்தான், படிப்பிப்பது இன்னும் நடக்கிறது. “ஒரு புனிதரின்ர காலடியில நடக்க ஸ்பெயினுக்குப் போகவேணுமே? எங்களுக்கு யோசப் வாஸ் முனிவர் இருக்கிறார்” என்று தொடங்கினார்.

கோவாவில் பிறந்தவர். 1687இல் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலம். கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போவார். மாலையைக் கண்டதும் எந்த வீட்டில் முகம் மாறுகிறதோ அது நம்மவர் வீடு என்று பிடித்துக்கொள்வார். சில்லாலையில் இருந்து, புத்தளம் போய், 1692இல் கண்டிக்குப் போனால் அங்கே போர்த்துக்கேய உளவாளி என்று சிறையில் போட்டார்கள். 1711இல் கண்டியில் இறக்கும்வரை நடைதான், அதுவும் வெறுங்காலோடு. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக்கிவிட்டு அன்றே மடு மாதா கோயிலுக்கும் வந்தார்.

“பாப்பரசர் ஹெலிகொப்டரில வந்தவர்” என்றேன் நான். சித்தப்பா கேட்காதமாதிரி இருந்தார்.

முடிவு அந்த விறாந்தையிலேயே எடுக்கப்பட்டது. ஆவணி 15 மடுத் திருவிழாவுக்குத் திருகோணமலையிலிருந்து நடை. ஹொரவப்பொத்தானை, வவுனியா, மடு. வாஸ் முனிவர் இந்தப் பாதையால்தான் போனாரா என்று நான் கேட்கப்போக, “இவ்வளவு நடந்த மனுசனுக்கு எந்த றோட்டில நடந்தாலும் காலடிதான்” என்று சித்தப்பா வழக்கை முடித்துவிட்டார். விதிகள் மூன்று: வெறுங்கால், பிச்சைச் சாப்பாடு, வாகனம் ஏறக்கூடாது. நாலாவதை மச்சான் சேர்த்தான்: சீல் கொப்பி.

முதலில் பயிற்சி என்றான். ஸ்பெயின் பாதை முழுக்க மஞ்சள் அம்புக்குறி இருக்குமாம். 1980களில் எலியாஸ் வலீஞ்ஞா என்ற பங்குத்தந்தை மஞ்சள் பெயின்ற்றோடு புறப்பட்டுக் கீறத் தொடங்கியது. மச்சானும் மஞ்சள் காகிதத்தில் அம்பு வெட்டி, சாம்பல்தீவுப் பக்கமிருந்து எங்கள் வீடுவரை லைற் கம்பங்களில் ஒட்டினான். நம்மூரில் கம்பத்தில் அம்புக்குறி ஒட்டினால் என்ன அர்த்தம் என்பது பாரிஸில் மறந்துபோயிருக்க வேண்டும்.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு ஒரு வான் வந்து எங்கள் படலையில் நின்றது. பட்டுச் சேலைகள், ஒரு குத்துவிளக்குப் பார்சல், தலைநிறையப் பூவோடு நாலு பெண்பிள்ளைகள். “சாமத்திய வீடு இதுதானே?” மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. வெயிலில் வந்த சனம் என்று கூப்பிட்டு இருத்தித் தேசிக்காய்த் தண்ணி கொடுத்து, சரியான வீட்டைப் போனில் விசாரித்து அனுப்பினோம். பின்னேரம் இன்னும் இரண்டு ஓட்டோ வந்தது. இருட்டினபிறகு மச்சானும் நானும் களவெடுக்கிறவர்கள்போலப் போய் அம்புகளைக் கிழித்துக்கொண்டு வந்தோம்.

சரி, ஆவணி 7. புனித மரியாள் பேராலயத்தில் காலைப் பூசை. கோயில் கந்தோரில் முதல் சீல், நீல மையில் அழகான வட்டம். மச்சான் அதை முத்தமிட்டான். வெளியே வந்து மூவரும் செருப்பைக் கழற்றிப் பையில் வைத்தோம்.

திருகோணமலை மான்களைப் பற்றிச் சொல்லவேண்டும். கோட்டைக்குள் நிற்கும், கடற்கரைக்கு வரும், பஸ் நிலையத்தடியில் பயணிகளோடு சேர்ந்து நிற்கும். பழத்தோலும் தின்னும், காகிதமும் தின்னும். மச்சான் கடலையும் கோட்டையையும் சேர்த்து ஒரு செல்ஃபி எடுப்பதற்காகக் கொப்பியைக் குந்தில் வைத்தான். திரும்பினால் ஒரு கிளைமான் முதல் பக்கத்தை மென்றுகொண்டு நிற்கிறது. கண்ணை மூடி, ஆறுதலாக. “பூசை முடிஞ்சு நற்கருணை வாங்கின மாதிரியெல்லோ நிக்குது” என்றார் சித்தப்பா. அந்த யாத்திரையில் நாங்கள் பெற்ற ஒரே ஒரு மரியாதையான சீல் அதுதான்.

வெறுங்கால் விரதம் ஏறக்குறைய அனுராதபுரச் சந்தி வரை தாங்கியது. ஆவணி மாதம், கச்சான் காற்று, ஒன்பதரை மணித் தார் றோட்டு. மூவரும் நடக்கவில்லை, பொரிந்தோம். சித்தப்பா நிழலில் நின்று கொஞ்சம் யோசித்தார். “அவர்ர காலத்தில தார் இல்லை” என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டோம்.

அங்கிருந்துதான் உண்மையான சோதனை. முதலாவது மோட்டார் சைக்கிள் நின்றது. “எங்க போறீங்க? ஏறுங்க.” வேண்டாம் தம்பி, நடக்கிறோம். “ஏன், என்ன நடந்தது?” ஒன்றும் நடக்கவில்லை, நாங்கள்தான் நடக்கிறோம். அவன் நம்பவில்லை. இரண்டாவது ஓட்டோ. “காசு வேணாம் அண்ணன், கன்னியாச் சந்தியில விடுறன்.” மூன்றாவது தண்ணீர் பவுசர். நாலாவது என்னோடு வேலை செய்கிறவர், காரை நிறுத்தி இறங்கி, தோளில் கைபோட்டு, தணிந்த குரலில், “வீட்டில ஏதும் பிரச்சினையோ?” பத்தரை மணிக்குள் மனைவிக்கு ஆறு அழைப்பு. நான் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டேன் என்ற செய்தி பாலையூற்றுவரை போயிருந்தது.

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களை வருடாவருடம் பார்த்துப் பழகின ஊர் இது. ஆனால் அவர்கள் காவியும் வேலும் அரோகராவுமாகக் கூட்டமாகப் போவார்கள், பார்த்தவுடன் விளங்கும். தொப்பியும் சிப்பியுமாக மூன்று பேர் போனால் யாருக்கு விளங்கும்? பிறகு சித்தப்பா செபமாலையை எடுத்துக் கழுத்தில் போட்டார். அதற்குப் பிறகு வந்த ஓட்டோக்காரர், “கோயிலுக்கா பாதர்? ஏறுங்க” என்றார்.

பன்குளத்துக்கு அங்கால் ஒரு சோதனைச்சாவடி. சிப்பாய் கையைக் காட்டி நிறுத்தினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது, அந்தப் பழக்கம் எங்கள் வயதுக்காரருக்கு இலகுவில் போகாது. சித்தப்பாவின் முகத்தில் மட்டும் ஓர் ஒளி. கண்டியில் வாஸ் முனிவரை உளவாளி என்று பிடித்த கட்டம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். சிப்பாய் எங்கள் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். பைகளைப் பார்த்தார். சிப்பியைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் மெல்லக் கேட்டார்:

“பஸ் போயிட்டா?”

பதில் சொல்வதற்குள் வந்துகொண்டிருந்த ஹொரவப்பொத்தானை பஸ்ஸை றோட்டின் நடுவில் நின்று மறித்தார். நடத்துநரிடம் ஏதோ சொல்லி இரண்டு சீற்றையும் காலியாக்கிக் கொடுத்து, சித்தப்பாவைக் கைபிடித்து ஏற்றிவிட்டார். சீருடைக்காரர் கையால் ஏற்றின பஸ்ஸிலிருந்து எப்படி இறங்குவது? அடுத்த நிறுத்தம்வரை போய்த்தான் இறங்கினோம்.

இங்கே மச்சானுக்கும் சித்தப்பாவுக்கும் வேதசாத்திர விவாதம். பலவந்தமாக ஏற்றினால் பாவமில்லை என்பது சித்தப்பாவின் கட்சி. விட்ட தூரத்தைத் திரும்பிப் போய் நடக்கவேண்டும் என்பது மச்சானின் கட்சி. ஸ்பெயினில் 100க்கு ஒரு கிலோமீற்றர் குறைந்தாலும் சான்றிதழ் இல்லையாம். வெயிலில் நின்று கதைப்பதைவிட நடப்பது மேல் என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன். திரும்பி நடந்தோம். சாவடி தெரிகிற தூரத்தில் நின்று, மறுபடி ஹொரவப்பொத்தானைப் பக்கம் திரும்பினோம். பத்து அடி வைக்கவில்லை, பின்னால் விசில்.

சிப்பாய் ஓடிவந்தார். நாங்கள் இடம் தெரியாமல் இறங்கிவிட்டோம் என்று நினைத்துவிட்டார். இந்தமுறை ஒரு லொறி. சாரதியிடம் ஊர் பெயரை மூன்று தரம் சொல்லி ஒப்படைத்தார். சித்தப்பா முன் சீற்றில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். “இனி நான் இறங்கிறதா இல்லை. இது மாதா அனுப்பினது.” மச்சான் பின்னால் நெல்மூட்டையின்மேல் இருந்து வழிமுழுக்க என்னோடு கதைக்கவில்லை. ஆனால் அந்தப் பகுதியில் வீதியோரம் யானை வேலியும், நடு றோட்டில் காயாத இலத்தியும் கிடந்ததை இருவரும் பார்த்தோம். மூன்று கிலோமீற்றருக்குப் பிறகு நெல் ஆலையடியில் இறங்கும்போது அவன் கொப்பியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

பிச்சை விசயம் அதைவிட மோசம். வாஸ் முனிவர் பட்டினி கிடந்தார். நாங்கள் கொழுத்தோம். முதல் வீட்டுப் படலையில் நின்று, “அம்மா, சாப்பிட ஏதும்...” என்று நான் வெட்கப்பட்டு இழுக்க, உள்ளேயிருந்து ஒரு குரல்: “சேர்! நீங்களா?” சித்தப்பாவின் பழைய மாணவன். 35 வருடம் மூதூரிலும் கிண்ணியாவிலும் நகரத்திலும் படிப்பித்த மனிதரோடு இந்த மாவட்டத்தில் பிச்சை எடுக்கவே முடியாது. புட்டும் மீன்குழம்பும். அடுத்த ஊரில் ஒரு நாநா வீட்டில் இடியப்பமும் ஆட்டுக்கறியும், அங்கே அடி வாங்கினவர் அதை நன்றியோடு நினைவுகூர்ந்தார். கட்டித் தந்த பார்சல் வேறு. வவுனியா போய்ச் சேர்ந்தபோது என் பெல்ட் ஓர் ஓட்டை வெளியே போயிருந்தது.

சீலும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. வழியில் கோயில்கள் குறைவு, கடைகள்தான். ஒரு தபால் கந்தோரில், முத்திரை ஒட்டினால்தான் சீல் குத்தலாம் என்றார்கள். ஒட்டினோம், குத்தினார்கள். மருந்துக்கடையில் “பணம் செலுத்தப்பட்டது”. நெல் ஆலையில் திகதியும் ஈரப்பதன் எழுதும் இடமும். ஓர் ஹார்ட்வெயார் கடையில் முதலாளி நல்ல மனதோடு தன்னிடமிருந்த மிகப் பெரிய சீலைத் தேடி எடுத்து, மையில் இரண்டுதரம் ஒற்றி, ஒரு முழுப்பக்கத்துக்குக் குத்தித் தந்தார்: “விற்ற பொருட்கள் திருப்பி எடுக்கப்படமாட்டாது.”

வவுனியாவிலிருந்து மடு வரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்களைப்போல நடக்கிறவர்கள் வேறும் வந்து சேர்ந்தார்கள், ஒருவரும் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு கிழவி சித்தப்பாவைவிட வேகமாகப் போனா. சித்தாலேபவும் கொப்புளமும் செபமாலையுமாக 13ஆம் திகதி பின்னேரம் மடுக் காட்டின் மர நிழலுக்குள் நுழைந்தோம். கோயில் தெரிந்த இடத்தில் சித்தப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மண் குளிர்ச்சியாக இருந்தது. மூவரும் கொஞ்சநேரம் கதைக்கவில்லை.

காலையில் வானில் புறப்பட்ட மனைவியும் மாமியும் ஏற்கெனவே கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, பக்கத்துக் கூடாரத்து நீர்கொழும்புக் குடும்பத்தோடு சிநேகிதமும் ஆகியிருந்தார்கள். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தா. “நடந்து மெலிவீங்க என்று நினைச்சன்.”

மச்சான் மடு மண் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு பாரிஸுக்குப் போய்விட்டான். பாம்புக்கடிக்கு நல்லது என்பார்கள். அங்கே பாம்பு ஏது என்று கேட்டேன். “அத்தான், நீங்க என்ர மனேஜரைக் காணேல்லை” என்றான்.

போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவன் வீட்டு வரவேற்பறைச் சுவர். இடது பக்கம் கண்ணாடிச் சட்டத்தில் லத்தீன் சான்றிதழ். வலது பக்கம் அதே அளவுச் சட்டத்தில் கொப்பியின் அந்த முழுப்பக்கம். கீழே குரல் செய்தி: “அத்தான், வேலையிடத்துப் பெடியள் வந்தவங்கள். தமிழில என்ன எழுதியிருக்கு என்று கேட்டாங்கள். மடுக் கோயிலில குடுத்த ஆசீர்வாதம் என்று சொல்லிப்போட்டன். அக்காவும் கேட்டா அப்பிடியே சொல்லுங்கோ.”